நாலு கோட்டுக்குள் அப்பா

இந்தக் கதையில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக. ஆனால் அதை இப்போதே எடுத்துக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் அதைக் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறேன். வழியில் சில்லறைச் சிரிப்பு ஏதாவது கிடந்தால் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் சிரிப்பே இல்லாத சமாச்சாரம். அப்பா கையை உடைத்துக்கொண்டார்.

பார்த்தீர்களா, அதற்குள் உதட்டைக் கடிக்கிறீர்கள். விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. எப்படி விழுந்தார் என்று கேட்டுவிட்டு வேண்டுமானால் சிரிக்கலாம். ஹாலில் பல்பு போய்விட்டது. அம்மா ஏணி எடுக்கச் சொன்னாள். "ஒரு பல்புக்கு ஏணியா? நான் என்ன குள்ளமா?" என்று அப்பா சக்கரம் வைத்த சுழல் நாற்காலிமேல் ஏறினார். பல்பைப் பிடித்துத் திருகினார். பல்பு திரும்பவில்லை. அப்பா திரும்பினார். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி, ஹாலைக் கடந்து, சமையலறை வாசலில் போய் அவரை இறக்கிவிட்டது. வாடகைக் கார்கூட அவ்வளவு சரியாக வாசலில் இறக்கிவிடாது.

வலது மணிக்கட்டு. மாவுக்கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது. விரல்கள்தான் கூடவில்லை. சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் மாதிரி ஐந்தும் ஆளுக்கொரு பக்கம் விறைத்துக்கொண்டு நின்றன.

அப்பாவுக்குக் கண்ணாடிக் கடை. முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, முகத்தில் மாட்டும் கண்ணாடி. கண்ணாடிக் காதைச் சட்டத்தோடு சேர்க்கும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? கடுகைவிடச் சின்னது. அதை மூன்று விரலால் எடுத்து, ஓட்டையில் நிறுத்தி, ஊசி போன்ற திருப்புளியால் திருக வேண்டும். அப்பா அதைப் பேசிக்கொண்டே செய்வார். எங்கள் ஊரில் பாதிப் பேருடைய மூக்கின்மேல் அப்பாவின் விரல் வேலை உட்கார்ந்திருக்கிறது. இப்போது கடையைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். சித்தப்பாவுக்குப் பேச்சு வரும், ஸ்க்ரூ வராது. ரிப்பேருக்கு வந்த கண்ணாடிகள் தட்டில் காலை ஒடித்துக்கொண்டு குவிந்தன. "அண்ணனுக்குக் கை சரியாகலைன்னா பேசாம போன் கவர் கடையா மாத்திடலாம்" என்று சித்தப்பா சொல்ல ஆரம்பித்திருந்தார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

அப்பாவின் கையைச் சரிசெய்ய பிசியோ டாக்டர் இரண்டு சாமான் கொடுத்திருந்தார். ஒரு மஞ்சள் பந்து, அமுக்குவதற்கு. ஒரு டப்பா ரப்பர் மாவு, பிசைவதற்கு. தினமும் செய்தால் விரல் ஓடும். செய்யாவிட்டால் அப்படியே நின்றுவிடும்.

"இது குழந்தைங்க விளையாடற சாமான்," என்றார் அப்பா. "நான் ஒரு தொழிலதிபர்."

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் என் பெயர் வாலு. என் ஒரே சொத்து என் தொண்டை. ஒரு தடவை கேட்ட குரல் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் தலைமையாசிரியை மைக்கைத் தட்டிப் பார்க்கும் இருமல், லிஃப்டில் மாடி எண் சொல்லும் அம்மாளின் அமைதி, பொய் சொல்வதற்கு முன் அப்பா தொண்டையைச் செருமும் 'க்கும்', எல்லாம் கைவசம் உண்டு. அம்மா குரல் மட்டும் பிடிபடாது. அம்மா பேசினால்தானே பிடிபட. ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் வேலை. எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரு பார்வையில் வாசித்துவிடுவாள். அம்மாவால் வாசிக்க முடியாத கையெழுத்து உலகத்தில் ஒன்றே ஒன்று. அது யாருடையது என்பது இப்போது முக்கியமில்லை.

ஒரு சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்ததும் டப்பாவைத் திறந்தாள்.

"என்னங்க, மாவு பிசைஞ்சீங்களா?"

"க்கும். பிசைஞ்சேனே. விரல் கழண்டு போற அளவுக்கு."

"எந்த விரலால?"

"என்ன கேள்வி இது. எல்லா விரலாலயும்தான்."

அம்மா மாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க விரலுக்கெல்லாம் எப்பங்க கார்டுராய் துணி போட்டீங்க?"

அப்பா அன்று போட்டிருந்தது கார்டுராய் பேன்ட். மாவின்மேல் உட்கார்ந்துகொண்டே ஒரு முழு கிரிக்கெட் மேட்ச் பார்த்திருக்கிறார். விரல் பதிய வேண்டிய இடத்தில் பேன்ட்டின் வரி வரியான கோடு அச்சு மாதிரி விழுந்திருந்தது.

"உக்காந்து பிசைஞ்சேன்," என்றார் அப்பா.

அம்மா மாவை டப்பாவில் போட்டு மூடினாள். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பிசியோ டாக்டரிடம் போனாள். அந்த டாக்டருக்கு 'ஓகேவா' என்ற சொல் இல்லாமல் வாக்கியம் முடியாது.

"அவர் மாவு பிசைய மாட்டார்னா விட்டுடுங்க, ஓகேவா. விரலும் மணிக்கட்டும் சேர்ந்து ஓடற மாதிரி ஒரு வேலை குடுங்க, ஓகேவா. ஆனா அது பயிற்சின்னு அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அதுமேலயும் உக்காந்துடுவார், ஓகேவா."

"எழுதினா?" என்று அம்மா கேட்டாள்.

"தனித்தனி எழுத்தா எழுதினா கை நின்னு நின்னு போகும். இங்கிலீஷ்ல கர்சிவ் இருக்கில்ல, பேனாவை எடுக்காம எழுத்தைச் சேர்த்துச் சேர்த்து எழுதறது, அது நல்லது. முதல்ல தடியான பேனா, பெரிய பெரிய சுழி. போகப் போகப் பேனாவும் மெலியணும், எழுத்தும் சிறுக்கணும். ஓகேவா."

அம்மா "சரி" என்றாள். அம்மாவின் 'சரி'யைக் கேட்டால் நான் இரண்டடி தள்ளி நிற்பது வழக்கம். அன்று நிற்கவில்லை. கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளப்போகிறாள் என்ற குஷியில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் காலை அப்பா பேப்பர் படிக்கும் நேரம். அம்மா சமையலறையிலிருந்து அவள் அக்காவிடம், அதாவது என் பெரியம்மாவிடம், போனில் பேசினாள். போனில் பெரியம்மா இல்லை. சார்ஜும் இல்லை.

"ஆமாக்கா. எதிர்வீட்டு அண்ணன்தான். இந்த வயசுல கர்சிவ் கத்துக்கறாராம். கையெழுத்தைப் பார்த்தா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. என்னது, இவரா? ஐயோ, இவருக்கு அதெல்லாம் வராதுக்கா. அதுக்குப் பொறுமை வேணும். மூளை வேணும். நீ வேற."

ஹாலில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது.

அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். பல்பு மாற்றப் போன அன்று வந்து இறங்கிய அதே இடம்.

"ஒரு முடிவு எடுத்திருக்கேன்," என்றார். "இன்னையிலருந்து நான் கர்சிவ் கத்துக்கப் போறேன்."

"வேண்டாங்க."

"ஏன் வேண்டாம்?"

"கை நோகும். நீங்க பேசாம மாவைப் பிசைங்க."

"மாவு கட். பந்து கட். ரெண்டுக்கும் இனிமே எனக்கு நேரம் இல்லை."

"அதெப்படிங்க, டாக்டர் சொன்னது."

"டாக்டர் சொன்னா? நுணுக்கமான வேலைக்குன்னே பிறந்த கை இது. மாவு பிசையப் பிறந்ததில்ல. கர்சிவ் கத்துக்கறேன், மாவை விடறேன். இதான் பேரம். உண்டா, இல்லையா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பெருமூச்சு விட்டாள். அடுப்பைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா," என்றாள்.

கல்யாணம் ஆனதிலிருந்து அப்பா ஜெயித்த முதல் வாக்குவாதம் அது. அன்று முழுவதும் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடந்தாலும் டக் டக் என்று சத்தம் கேட்டது.

"ஆனா ஒண்ணு," என்றாள் அம்மா. "ஒரு மேடம் இருக்காங்களாம். கர்சிவ்ல பெரிய கை. போன்லயே சொல்லித் தருவாங்க. எல்லாரையும் சேர்த்துக்க மாட்டாங்க. உங்களைச் சேர்த்துப்பாங்களான்னு தெரியலை."

"என்னையா? அதையும் பார்த்துடறேன்."

மேடம் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தலைமையாசிரியையின் கண்டிப்பு முக்கால் பங்கு, லிஃப்ட் அம்மாளின் அமைதி கால் பங்கு, மேலே லேசாகச் சளி. அம்மாவின் பழைய போனில் வேறொரு நம்பர் இருந்தது. நான் பாத்ரூமில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துகொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தால் அவர் எழுந்து நின்று பேசுவது தெரிந்தது.

"எதுக்கு கர்சிவ் கத்துக்கணும்? இப்பதான் எல்லாரும் தட்டச்சு பண்றாங்களே."

"அது வந்து மேடம், எதிர்வீட்டுக்காரர்..."

"பொறாமையா?"

"ஆமா மேடம்."

"நல்லது. பொறாமை இருக்கிறவங்கதான் பயிற்சியை விடமாட்டாங்க. சேர்த்துக்கிட்டேன்."

அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "சேர்த்துக்கிட்டாங்க. பெரிய வீடு போல. குரல் எதிரொலிக்குது."

எல்லாம் சரி, மேடம் என்றால் பாடம் வேண்டுமே. தினமும் ஒரு மாதிரித் தாள், மேடம் கொடுத்தனுப்பியதாக அம்மா கொண்டுவந்து தருவது. நாலு கோட்டுக்குள் மேடம் எழுதிக் காட்ட, கீழே அப்பா எழுத வேண்டும். நெட்டில் நூறு கிடக்கிறது, எடுத்து அச்சடித்துவிடலாம் என்றேன்.

"அச்சைப் பார்த்தா சந்தேகப்படுவார்," என்றாள் அம்மா. "கையால எழுதினதாத்தான் இருக்கணும். நீயே எழுது."

"நானா?"

"மேடம் நீதானே."

எழுதினேன். அம்மா வாங்கிப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள்.

"இது கோழி கிளறின குப்பை. இதைப் பார்த்தா மேடம்னு நம்புவாரா? கொசு மருந்து அடிக்கிறவங்கன்னு நினைப்பார். மறுபடி எழுது."

மறுபடி எழுதினேன். 'எல்' வளைவு குட்டையாக இருக்கிறது என்றாள். மறுபடி. 'ஜி'க்கு வால் இல்லை என்றாள். "வாலு எழுதின ஜிக்கே வால் இல்லையா?" மறுபடி. ஒரு தாள் பாஸாவதற்குள் ஆறேழு தாள் குப்பைக்குப் போகும். அப்பாவை ஏமாற்றுவது இவ்வளவு உழைப்பு என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நேர்மையாக இருந்திருப்பேன்.

பாடம் ஆரம்பமானது. முதல் வாரப் பேனா ஒரு கேரட் பருமன். மார்க்கரின்மேல் அம்மா பஞ்சு சுற்றித் துணி தைத்துக் கொடுத்திருந்தாள். மேடத்தின் தனிப்பட்ட முறை என்று சொல்லிவிட்டோம்.

"தோள் தளர்வா இருக்கா, சார்?"

"இருக்கு மேடம்."

"மணிக்கட்டு மேசையில படிஞ்சிருக்கா?"

"படிஞ்சிருக்கு மேடம்."

"பேனாவை எப்படிப் பிடிச்சிருக்கீங்க? கழுத்தை நெரிக்கிற மாதிரி இல்லையே?"

"கொஞ்சம் நெரிக்கிற மாதிரிதான் மேடம்."

"விடுங்க. அது மூச்சு விடட்டும்."

அப்பா பேனாவை மூச்சுவிட விட்டார். பிறகு நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு சுழி போட ஆரம்பித்தார். முதல் நாள் சுழிகள் மிதிபட்ட ஜிலேபி மாதிரி இருந்தன. அவரே படம் பிடித்து மேடத்துக்கு அனுப்பினார். வாளிமேல் உட்கார்ந்து பார்த்த மேடத்துக்கு, வாயில் துண்டை அடைத்துக்கொள்ளும்படி ஆயிற்று.

இரண்டாம் வாரம் மேடத்துக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"வீட்டுல யார் யார் இருக்காங்க, சார்?"

"மனைவி இருக்காங்க மேடம். ஒரு பொண்ணு. வாலு."

"நல்லா படிக்கிறாளா?"

"படிப்பா மேடம். எழுத்துதான்... அவ எழுத்தை நீங்க பார்த்தா இந்தத் தொழிலையே விட்டுடுவீங்க. போன தடவை ஸ்கூல்ல கூப்பிட்டு அனுப்பி விடைத்தாளைக் காட்டினாங்க. வாத்தியார் அதைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டிருந்தார். நானும் கொஞ்ச நேரம் கவனிக்கலை."

துண்டை வாயிலிருந்து எடுத்தேன்.

"பெத்த பிள்ளையை அப்படிச் சொல்லக் கூடாது, சார். பாவம், அந்தக் குழந்தைக்கு இன்னைக்கு ஒரு ஐஸ்க்ரீம் வாங்கிக் குடுங்க. ரெண்டா குடுங்க."

சாயங்காலம் இரண்டு ஐஸ்க்ரீம் வந்தது. "எதுக்குப்பா?" என்று கேட்டேன். "ஒரு பெரிய மனுஷி உனக்காகப் பரிஞ்சு பேசினாங்க. நன்றியோட சாப்பிடு," என்றார். நன்றியோடுதான் சாப்பிட்டேன்.

போகப் போக அப்பா வீட்டையே நாலு கோடு நோட்டாக்கினார். பிரிட்ஜில் 'பால் தீர்ந்துவிட்டது' என்று கர்சிவ். குப்பைக் கூடையில் கர்சிவ். பார்சல் கொண்டுவந்தவருக்கு, எதிர்வீட்டில் கொடுக்கவும் என்று கதவில் ஆங்கிலத்தில் வளைத்து வளைத்து எழுதி ஒட்டினார். அந்த இளைஞர் அதைப் படிக்கத் தெரியாமல், அழகாக இருக்கிறது என்று கதவோடு படம் எடுத்துக்கொண்டு பார்சலோடு திரும்பிப் போய்விட்டார். லிஃப்டுக்குள் 'கதவை உடனே மூடவும்' என்று ஒட்டியது அதைவிட விசேஷம். ஏறினவர்கள் எல்லாம் இது என்ன பாஷை என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்ததில் லிஃப்ட் காலை முழுவதும் நகரவே இல்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து, "உங்க எழுத்து ரொம்ப நல்லா இருக்கு. எனக்கெல்லாம் இது வராது," என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அப்பா அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பேனா கேரட்டிலிருந்து முருங்கைக்காயானது. முருங்கைக்காயிலிருந்து சாதாரணப் பேனாவானது. மேடமாகப் பேசப் பாத்ரூமுக்குள் போய்ப் போய், குளித்துக் குளித்தே நான் தோல் சுருங்கினேன். "இவ ஏன் தினமும் இதே நேரத்துக்குக் குளிக்கப் போறா?" என்று அப்பா கேட்டார். "உங்க பாடத்துக்குத் தொந்தரவு வேண்டாம்னுதான்," என்றாள் அம்மா. "நல்ல பொண்ணு," என்றார் அப்பா.

அப்புறம் ஒரு நாள் அப்பா எழுதிய படம் வரவில்லை. நானே கூப்பிட்டேன்.

"ஏன் சார், பாடம் வரலை?"

"மேடம்," என்றார். செருமவில்லை. "ஒரு விஷயம். வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்ட சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"இன்னைக்குக் கடைக்குப் போனேன். யாரும் இல்லாத நேரமா பார்த்து. ஒரு கண்ணாடியை எடுத்து ஸ்க்ரூ போட்டுப் பார்த்தேன். விழுந்துடுச்சு. மறுபடி எடுத்தேன், விழுந்துடுச்சு. மேசைக்குக் கீழ முட்டி போட்டுத் தேடிக்கிட்டிருந்தப்ப தம்பி வந்துட்டான். பார்க்காத மாதிரி போயிட்டான் மேடம். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை." கதவிடுக்கில் தெரிந்தார், வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடையை அவன்கிட்டயே குடுத்துடலாம்னு நினைக்கிறேன். சுழி போட்டு என்ன ஆகப்போகுது? எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வேலைதான்."

என் தொண்டையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா? அந்த நேரத்தில் ஒருத்தரும் உதவிக்கு வரவில்லை. மேடமும் போய்விட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டேன்.

"மேடம், உங்க பக்கம் மழையா?"

"ஆமா சார். திடீர்னு பிடிச்சுக்கிச்சு."

கொஞ்ச நேரம் மழை பெய்யவிட்டேன். பிறகு எங்கிருந்தோ மேடம் திரும்பி வந்தாள்.

"சார், நாளைக்கு 'எஃப்'. சின்ன எஃப். எல்லாத்துலயும் கஷ்டமானது. மேல ஒரு சுழி, கீழ ஒரு சுழி, நடுவுல கையை எடுக்கக் கூடாது. அது உங்களுக்கு வந்துடுச்சுன்னா அப்புறம் கடையைப் பத்திப் பேசலாம். அது வரைக்கும் எதையும் யாருக்கும் குடுக்கக் கூடாது. நான் சொல்றேன்."

"சரி மேடம்," என்றார் அப்பா. சின்னப் பையன் மாதிரி. "ரொம்ப நன்றி மேடம்."

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் தலையைத் துவட்டினாள். தலை நனையவே இல்லை. ஆனாலும் துவட்டினாள். மறுநாளுக்கான பேனாவை அவளே எடுத்து வைத்தாள். அது பேனாவே இல்லை, வெறும் ரீஃபில். கடையில் இருக்கும் திருப்புளியின் பருமன்.

"பேனா எங்க மேடம்?" என்றார் அப்பா மறுநாள்.

"பேனா எதுக்கு சார்? மை வர்றது ரீஃபில்லருந்துதானே."

அப்பா இதை ஒரு தத்துவமாகவே எடுத்துக்கொண்டார். சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். சித்தப்பா, அண்ணனுக்குத் தலையிலும் அடிபட்டதா என்று தனியாக அம்மாவிடம் விசாரித்தார்.

எஃப் சுலபத்தில் வரவில்லை. அன்று இரவுக்கான தாளை எழுதிய எனக்கே வரவில்லை. இங்கே நான் ஒரு பக்கம், அங்கே அப்பா ஒரு பக்கம். ஹாலில் அவர் நாக்கைத் துருத்த, அறையில் நான் நாக்கைத் துருத்த, நடுவில் அம்மா துணி மடித்துக்கொண்டிருப்பாள். எஃப் சிறுத்துக்கொண்டே போனது. எறும்பு அளவுக்கு வந்தது. அம்மா என் தாளைப் பார்த்து "மறுபடி" என்று சொல்வது குறைந்தது. களைத்துப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

நேற்று சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு பொண்ணு வந்தா," என்றார். "உன் வயசுதான் வாலு. கண்ணாடி காது கழண்டு கையில. நாளைக்குப் பரீட்சையாம், அது இல்லாம கேள்வித்தாளே தெரியாதாம். தம்பி நாளைக்கு வான்னு சொல்ல வாயைத் திறந்தான். நான் குடுன்னு வாங்கிட்டேன்."

அம்மா கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஸ்க்ரூவை எடுத்தேன். நிறுத்தினேன். திருகினேன்." அப்பா வெறும் காற்றில் திருகிக் காட்டினார். "நின்னுச்சு. அந்தப் பொண்ணு மாட்டிக்கிட்டு என்னைப் பார்த்தா. தம்பி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, தட்டுல இருக்கிற மத்ததையெல்லாம் என் பக்கம் தள்ளிட்டான். எல்லாத்தையும் போட்டுட்டுதான் வரேன்."

அம்மா அவர் கையை எடுத்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தாள். கையை விடவே இல்லை.

"இரு. முதல்ல மேடத்துக்குச் சொல்லணும். நீங்களும் கேளுங்க," என்று மறுகையால் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அழுத்தினார்.

என் பேன்ட் பை பாடியது.

அப்பா போனைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார். போனை நிறுத்தினார். பை வாயை மூடியது. மறுபடி அழுத்தினார். பை மறுபடி பாடியது.

"வாலு."

"என்னப்பா."

"மேடம் போன் உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

நல்ல நல்ல பொய்களாகத் தொண்டை வரை வந்தன. வாயைத் திறந்தேன். பழக்க தோஷம்.

"தோள் தளர்வா இருக்கா, சார்?"

அப்பாவின் தோள் அன்று தளர்ந்த மாதிரி எந்தப் பாடத்திலும் தளர்ந்ததில்லை. மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் அவர் நினைவு நாள் நாளாகப் பின்னோக்கிப் போவது தெரிந்தது.

"ஐஸ்க்ரீம்," என்றார் மெதுவாக.

"ஆமாப்பா."

"பெரிய வீடு. எதிரொலி."

"பாத்ரூம்."

"மழை."

"குழாய்."

மழை என்றதும், அன்று மேடத்திடம் சொன்னதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.  போன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் என் பையிலிருந்ததை எடுத்துக் காதில் வைத்தேன்.

"மேடம்," என்றார். "எஃப் வந்துடுச்சு. ரொம்ப நன்றி."

மேடம் குரலில் பதில் சொல்லத்தான் நினைத்தேன். என் சொந்தக் குரல்தான் வந்தது, அதுவும் பாதி. நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்ப்பா, வேற யாரும் என்னை நம்பி இவ்வளவு பேசினது இல்ல என்று சொல்ல வந்து, "சரிப்பா," என்று முடித்துக்கொண்டேன்.

அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"அப்ப கர்சிவ்?"

"பிசியோ டாக்டர் சொன்னது."

"நான் பேரம் பேசி ஜெயிச்சேனே."

"ஆமாங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க."

"எதிர்வீட்டுக்காரர்?"

"அவருக்கு கர்சிவ்னா என்னன்னே தெரியாது."

அப்பா நெடுநேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ ஒன்றையாவது காப்பாற்றிக்கொள்ளும் முகத்தோடு நிமிர்ந்தார்.

"சரி. யோசனை டாக்டர். ஏற்பாடு நீ. குரல் இவ. அந்த மாதிரித் தாளெல்லாம் எழுதினது யாரு? அப்படி ஒரு கை. அவங்களுக்காவது நான் நேர்ல நன்றி சொல்லணும்."

"நான்தான்ப்பா."

"போதும் வாலு. ஒரு நாளைக்கு இவ்வளவு பொய் போதும். உன் எழுத்து எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா நான்தான்."

"அப்ப எழுது. என் கண் முன்னாடி."

தட்டைத் தள்ளிவிட்டு ஒரு தாளை எடுத்தேன். 'என் அப்பாவின் கடை நாளை திறந்திருக்கும்' என்று ஆங்கிலத்தில் ஒரே இழுப்பாக எழுதிக் கொடுத்தேன்.

அப்பா கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டார். லென்ஸில் கீறல் தேடுவது போல அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். இத்தனை நாளாக அதை மேடத்தின் எழுத்தாகவே பார்த்துப் பழகிவிட்டேன். இப்போதுதான் என் எழுத்தாகப் பார்த்தேன். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு, கோட்டின்மேல் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தன. போன பரீட்சையில் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு இது என்ன எழுத்து என்று கேட்கவில்லை. அவர் கண்ணாடி மாற்றிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அச்சைப் பார்த்தா சந்தேகப்படுவார். கையால எழுதினதாத்தான் இருக்கணும். நீயே எழுது. மறுபடி எழுது. மறுபடி.

நான் மெதுவாக அம்மா பக்கம் திரும்பினேன்.

அம்மா என் கையிலிருந்து தாளை வாங்கினாள். மருந்துச் சீட்டைப் பார்ப்பது போல மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள்.

"ம். படிக்க முடியுது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உங்களையுமா, மேடம்?"